தீர்வை ஒரு சந்தர்ப்பம் மட்டுமே: தென் கரோலினாவும் அமெரிக்க சமஷ்டியும்

அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் 2025 ஏப்ரல் 2 ஆம் திகதி வெளியிட்ட தீர்வைப் பட்டியலில் இலங்கையின் பெயருக்கு எதிரே 44 வீதம் எனக் குறிக்கப்பட்டிருந்தது. நமது ஆடைகளின் மிகப் பெரிய தனிச் சந்தை அமெரிக்காவே என்பதால், கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் வேலை செய்யும் பெண்கள் முதல் கொழும்பில் உள்ள மத்திய வங்கி அதிகாரிகள் வரை அந்த எண்ணையே பேசினர். ஜூலையில் அது 30 வீதமாகவும், ஓகஸ்ட் மாதம் நடைமுறைக்கு வந்தபோது 20 வீதமாகவும் குறைக்கப்பட்டது. பேச்சுவார்த்தையில் யார் திறமையாகப் பேசினார்கள், யார் எதை விட்டுக் கொடுத்தார்கள் என்பதே இங்கு நடந்த விவாதத்தின் சாரமாக இருந்தது.

அவ்வேளையில் இங்கு அதிகம் கவனிக்கப்படாத செய்தி ஒன்றும் உண்டு. ஏப்ரல் 23 ஆம் திகதி, ஒரெகன் மாநிலத்தின் தலைமையில் 12 அமெரிக்க மாநிலங்கள், இத்தகைய தீர்வையை விதிக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு இல்லை எனக் கூறி நியூயோர்க்கில் உள்ள சர்வதேச வர்த்தக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. மே 28 இல் அந்நீதிமன்றமும், ஓகஸ்ட் 29 இல் ஏழுக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வாதத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தன. நவம்பர் 5 இல் உச்ச நீதிமன்றம் இரு தரப்பு வாதங்களையும் கேட்டது. சட்ட நுணுக்கங்கள் இக்கட்டுரையின் அக்கறை அல்ல. சமஷ்டி அரசொன்றின் உறுப்பு மாநிலங்கள், தீர்வை விடயத்தில் மத்திய அரசை எதிர்த்து முறைப்படி மனுவொன்றைத் தாக்கல் செய்துவிட்டு வாதத்துக்குக் காத்திருந்த காட்சியே இங்கு நோக்கத்தக்கது. ஏனெனில், இதே நாட்டில் இதே விடயத்துக்காக ஒரு மாநிலம் துப்பாக்கிகளைக் கொள்வனவு செய்து தொண்டர் படை திரட்டிய காலம் ஒன்று இருந்தது. அம்மாநிலம் தென் கரோலினா, ஆண்டு 1832.

அமெரிக்க ஐக்கியம் உருவானதற்கே தீர்வை ஒரு காரணம் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். பிரிட்டனிடம் இருந்து விடுதலை பெற்ற 13 மாநிலங்கள், 1781 இல் நடைமுறைக்கு வந்த கூட்டிணைப்பு உடன்படிக்கையின் கீழ்த் தளர்வாகவே இணைந்திருந்தன. மத்தியில் இருந்த காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. யுத்தக் கடனை அடைப்பதற்காக இறக்குமதிகள் மீது 5 வீதத் தீர்வை விதிக்க அனுமதி கேட்டபோது, 1782 இல் றோட் ஐலன்ட் என்ற மிகச் சிறிய மாநிலம் மறுத்தமையால் முயற்சி கைவிடப்பட்டது. இரண்டாவது முயற்சி நியூயோர்க்கின் பிடிவாதத்தால் 1786 இல் தோற்றது. இதற்கிடையில் மாநிலங்கள் ஒன்றன் பொருள்கள் மீது மற்றொன்று தீர்வை விதிக்கவும் தலைப்பட்டன. 1787 இல் பிலடெல்பியாவில் வரையப்பட்ட யாப்பு இந்த நிலைமைக்கு முடிவு கட்டியது. இறக்குமதித் தீர்வை விதிக்கும் அதிகாரம் காங்கிரசுக்கே வழங்கப்பட்டது. காங்கிரசின் சம்மதம் இன்றி எந்த மாநிலமும் அதை விதிக்க முடியாது. தென்பகுதியின் வற்புறுத்தலால் இன்னொரு வாசகமும் சேர்க்கப்பட்டது: ஏற்றுமதிகள் மீது எவருமே வரி விதிக்கக் கூடாது. அரிசி, புகையிலை என்பவற்றை விற்று வாழ்ந்த மாநிலங்கள் தமக்குத் தேவையான பாதுகாப்பு கிடைத்துவிட்டதாக நம்பின.

அந்த நம்பிக்கையில் ஓர் ஓட்டை இருந்தது. வெளிநாட்டு வர்த்தகம் இரு வழிப் பாதை. பிரிட்டிஷ் ஆலைகளுக்குப் பருத்தியை விற்பவன், அதற்குப் பதிலாகப் பிரிட்டிஷ் துணியையும் இரும்பையும் வாங்குகிறான். வரும் பொருள் மீது தீர்வை ஏறினால் அவன் வாங்கும் விலை உயர்கிறது. பிரிட்டனின் விற்பனை குறைந்தால் பருத்தியை வாங்க அதனிடம் உள்ள பணமும் குறைகிறது. இந்த உண்மையை, தென் கரோலினாவின் காங்கிரஸ் உறுப்பினர் ஜோர்ஜ் மக்டபி சற்று மிகைப்படுத்திச் சந்தை மொழியில் சொன்னார்: பயிரிடுவோர் அனுப்பும் ஒவ்வொரு 100 பொதிப் பருத்தியிலும் 40 பொதிகளை வடக்கின் ஆலை முதலாளிகள் தீர்வை என்ற பெயரில் பறித்துக் கொள்கிறார்கள் என்றார். பொருளியல் அறிஞர்கள் இக்கணக்கை ஏற்கமாட்டார்கள். ஆனால் வீழ்ந்துவரும் விலையையும் களைத்துப்போன மண்ணையும் கொண்ட விவசாயிக்கு அது போதுமான விளக்கமாக இருந்தது. 1819 இன் நிதி நெருக்கடிக்குப் பின்னர் பருத்தி விலை முன்னைய உயரத்துக்கு மீளவில்லை. மேற்கே அலபாமா, மிசிசிப்பி ஆகியவற்றின் புதிய நிலங்களோடு போட்டியிட முடியாமல் தென் கரோலினாவில் இருந்து குடும்பங்கள் வெளியேறிக் கொண்டிருந்தன. இத்துன்பத்துக்குத் தீர்வை மட்டும் பொறுப்பல்ல. எனினும் காலநிலையையும் மண்ணையும் எதிர்த்து எவரும் ஊர்வலம் போக முடியாது. வொஷிங்டனில் இயற்றப்பட்ட சட்டத்தை எதிர்க்க முடியும்.

அச்சட்டம் இயற்றப்பட்ட விதமும் மதிப்பை ஏற்படுத்துவதாக இருக்கவில்லை. 1828 இல் ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிய வேளை, அன்ட்ரூ ஜாக்சனின் ஆதரவாளர்கள் மத்திய மாநிலங்களின் வாக்குகளைக் கவரும் நோக்குடன் இரும்பு, சணல், கம்பளி ஆகிய மூலப்பொருள்கள் மீது உயர்ந்த தீர்வைகளைப் பிரேரித்தனர். இச்சுமையைத் தாங்க முடியாமல் நியூ இங்கிலாந்து உறுப்பினர்களே மசோதாவைத் தோற்கடிப்பார்கள் என எண்ணிய தென்பகுதியினர், அதை மென்மையாக்கும் திருத்தங்களை எதிர்த்து வாக்களித்தனர். சூது பிழைத்தது. பிரதிநிதிகள் சபையில் 105 இற்கு 94 என்ற வாக்குகளால் மசோதா நிறைவேறியது. ஜனாதிபதியை உற்பத்தி செய்வதைத் தவிர வேறெந்த உற்பத்தியோடும் இதற்குத் தொடர்பில்லை என வேர்ஜினியாவின் ஜோன் ரண்டொல்ப் நையாண்டி செய்தார். தெற்கு அதற்கு ‘அருவருப்புத் தீர்வை’ எனப் பெயரிட்டது. 1830 அளவில் தீர்வைக்குட்பட்ட பொருள்கள் மீதான சராசரி வீதம் 60 ஐத் தாண்டியிருந்தது.

இங்குதான் ஜோன் சி. கல்ஹூன் மேடைக்கு வருகிறார். அப்போது அவர் நாட்டின் உப ஜனாதிபதி. 1816 இல் கைத்தொழிலைப் பாதுகாக்கும் தீர்வையை ஆதரித்துக் காங்கிரசில் பேசியவரும் அவரே. மறுபுறம், முன்னர் இலவச வர்த்தகத்துக்காக வாதாடிய மசசூசெற்சின் டானியல் வெப்ஸ்டர், தமது மாநிலம் கப்பலை விட்டு ஆலைக்கு மாறிய பின் 1828 இல் உயர் தீர்வைக்கு வாக்களித்தார். இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எதிரெதிர்த் திசைகளில் தாவினர். மாநில உரிமை, தேசிய ஐக்கியம் என்ற பெரும் சொற்களை இவர்கள் வாயிலாகக் கேட்கும்போது இத்தகவலையும் மனதில் வைத்திருப்பது நல்லது.

1828 டிசம்பரில் தென் கரோலினாச் சட்டசபை வெளியிட்ட எதிர்ப்பு அறிக்கையைக் கல்ஹூன் தமது பெயரை மறைத்தே எழுதினார். அதில் முன்வைக்கப்பட்ட கோட்பாடு சுருக்கமானது: யாப்பு என்பது இறைமையுள்ள மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தம், மத்திய அரசு அதன் முகவர் மாத்திரமே, முகவர் தன் அதிகாரத்தை மீறினால், ஒப்பந்தக்காரனான மாநிலம் அச்சட்டத்தைத் தனது எல்லைக்குள் செல்லாததாக்கலாம், மற்ற மாநிலங்கள் அவ்வதிகாரம் மத்திக்கு வேண்டும் எனக் கருதினால், நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் சம்மதத்துடன் யாப்பைத் திருத்திக் கொள்ளட்டும். கேட்பதற்கு நியாயமானது போலத் தோன்றும் இந்த ஏற்பாட்டின் கணக்கைப் பார்த்தால் விடயம் விளங்கும். அன்று இருந்த மாநிலங்கள் 24. ஒன்று கையை உயர்த்தினால் சட்டம் அங்கு நிற்கும். அதை மீண்டும் நகர்த்த 18 மாநிலங்கள் தேவை. ஏழு மாநிலங்கள் சேர்ந்தால் எதையும் நிரந்தரமாகத் தடுக்கலாம். 1782 இல் றோட் ஐலன்ட் செய்ததை எவரும் எப்போதும் செய்யக் கூடியதாக்கும் ஏற்பாடு இது.

1798 இல் ஜெபர்சனும் மடிசனும் கென்டக்கி, வேர்ஜினியா தீர்மானங்களில் சொன்னதையே தாம் சொல்வதாகக் கல்ஹூனின் தரப்பு கூறிற்று. யாப்பின் தந்தை எனப் போற்றப்படும் மடிசன் எண்பது வயதைக் கடந்த நிலையில் இன்னும் உயிரோடு இருந்தார். தாம் சொன்னது அதுவல்ல என அவர் எழுத்து மூலம் மறுத்தார். மறுப்பை எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

தீர்வை பற்றிய இந்தச் சர்ச்சையின் அடியில் இருந்தது எது? இதற்கான விடையைக் கல்ஹூனே தந்திருக்கிறார். 1830 செப்டெம்பரில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இன்றைய துன்ப நிலைக்குத் தீர்வை ஒரு சந்தர்ப்பமே அன்றி உண்மையான காரணம் அல்ல என அவர் குறிப்பிட்டார். தென்பகுதியின் உள்ளக நிறுவனத்தையும் அதன் வழியாக அமைந்த பொருளாதாரத்தையும் பெரும்பான்மையிடமிருந்து காக்க வேண்டும் என்பதே அவரது கவலை. ‘உள்ளக நிறுவனம்’ என்பது அடிமை முறைக்கு அக்காலக் கனவான்கள் வைத்திருந்த பெயர். 1830 ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி தென் கரோலினாவில் ஏறத்தாழ 581,000 பேர் வாழ்ந்தனர். அவர்களில் 315,000 பேர் அடிமைகள். 1822 இல் சார்ள்ஸ்டன் நகரில் டென்மார்க் வெசி என்ற விடுதலை பெற்ற கறுப்பினத் தச்சர் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, அவரும் மேலும் பலரும் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டில், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் உள்ள சுதந்திரமான கறுப்பின மாலுமிகளைக் கப்பல் புறப்படும் வரை சிறையில் வைக்க வேண்டும் என மாநிலம் சட்டம் இயற்றியது. இச்சட்டம் யாப்புக்கு முரணானது என 1823 இல் மத்திய நீதிபதி ஒருவர் கூறினார். அவரும் தென் கரோலினாவைச் சேர்ந்தவரே. மாநிலம் அதைச் செவிமடுக்கவில்லை. மாலுமிகளைத் தொடர்ந்து சிறையில் அடைத்தது. ஆக, மத்திய அதிகாரத்தைச் செல்லாததாக்கும் பழக்கம் அங்கு தீர்வையில் தொடங்கவில்லை. இன்று தீர்வை விதிக்கும் காங்கிரஸ் நாளை அடிமைகளை விடுவித்தால் என்ன செய்வது என்ற அச்சமே ஒவ்வொரு வாதத்தின் பின்னாலும் நின்றது.

1832 ஜூலையில் காங்கிரஸ் புதிய தீர்வைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிச் சில வீதங்களைக் குறைத்தது. அடிமைகளுக்கு உடையாகும் மலிவான கம்பளித் துணி மீதான தீர்வை கூட வெகுவாகக் குறைக்கப்பட்டது. ஆனால் பாதுகாப்புத் தீர்வை என்ற கொள்கை கைவிடப்படவில்லை. நவம்பரில் கொலம்பியா நகரில் கூடிய தென் கரோலினாவின் விசேட மாநாடு, 24 ஆம் திகதி 136 இற்கு 26 என்ற வாக்குகளால் கட்டளை ஒன்றை நிறைவேற்றியது. 1828, 1832 ஆம் ஆண்டுகளின் தீர்வைச் சட்டங்கள் மாநிலத்துள் செல்லாதவை. 1833 பெப்ரவரி 1 முதல் அவற்றின் கீழ்த் தீர்வை அறவிடக் கூடாது. இவ்விடயத்தில் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்ய முடியாது. மாநில உத்தியோகத்தர்கள் இக்கட்டளைக்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். மத்திய அரசு படை பலத்தைப் பிரயோகித்தால் மாநிலம் ஐக்கியத்தில் இருந்து விலகும். கல்ஹூன் டிசம்பர் 28 இல் உப ஜனாதிபதிப் பதவியைத் துறந்து, தமது மாநிலத்தின் சார்பில் செனட் சபைக்கு வந்தார். புதிய ஆளுநர் றொபேர்ட் ஹெய்ன் தொண்டர் படைக்கு ஆட்களைச் சேர்த்தார்.

ஜாக்சன் இதே மண்ணை ஒட்டிய எல்லைப் பகுதியில் பிறந்தவர். அடிமைகளை உடைமையாகக் கொண்டவர். உயர் தீர்வையின் காதலரும் அல்லர். டிசம்பர் 10 ஆம் திகதி அவர் வெளியிட்ட பிரகடனம், தமது பிறந்த மாநிலத்தின் பிரசைகளைத் தந்தை பிள்ளைகளை விளிப்பது போல விளித்தது; ஆனால் சொன்ன செய்தியில் தளர்வு இருக்கவில்லை. ஐக்கியத்தை ஏற்படுத்தியவர்கள் மக்கள். ஒரு மாநிலம் நாட்டின் சட்டத்தைத் தானே செல்லாததாக்குவது ஐக்கியத்தின் இருப்போடு பொருந்தாது. ஆயுத பலத்தால் ஐக்கியத்தைக் குலைப்பது தேசத்துரோகம்.

அவர் எடுத்த நடைமுறை நடவடிக்கை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. அக்காலத்தில் இறக்குமதியாளர் தீர்வையை உடனே செலுத்துவதில்லை. சில மாதத் தவணையில் பிணைமுறி எழுதிக் கொடுப்பார். தவணை தவறினால் அரசு வழக்குத் தொடுக்க வேண்டும். செல்லாததாக்கல் தரப்பின் உபாயம் முழுவதும் இவ்விடத்திலேயே தங்கியிருந்தது. உள்ளூர் ஜூரிகள் அரசுக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். பொருள்களைச் சுங்க அதிகாரிகள் பற்றினால் மாநில நீதிமன்றம் திருப்பிப் பெற்றுக் கொடுக்கும். இரத்தம் சிந்தாமலே சட்டம் செத்துவிடும். ஜாக்சன் காங்கிரசிடம் கேட்ட பலப்பிரயோகச் சட்டம் இந்த உபாயத்தைக் கடலிலேயே மறித்தது. சுங்க அலுவலகத்தைத் துறைமுகத்தின் கோட்டைக்கோ கப்பலுக்கோ மாற்றலாம். பிணைமுறி வேண்டாம், ரொக்கமாகச் செலுத்தினால்தான் சரக்கு கரையேறும். வழக்குகள் மத்திய நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். சண்டையைத் தொடங்க வேண்டிய கட்டாயம் மாநிலத்தின் தலையில் விழுந்தது. சட்டத்தின் பெயரில் ‘பலம்’ இருந்தாலும், அதன் சூட்சுமம் பலத்தைப் பிரயோகிக்கும் தேவையைத் தவிர்ப்பதில் இருந்தது எனலாம்.

ஜாக்சனை ஐக்கியத்தின் காவலர் எனக் கொண்டாடுவோர் மறைக்க விரும்பும் பக்கம் ஒன்று உண்டு. அதே 1832 மார்ச்சில், செரோக்கி மக்களின் நிலத்தில் ஜோர்ஜியா மாநிலத்தின் சட்டங்களுக்கு வலுவில்லை எனப் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல் தீர்ப்பளித்திருந்தார். ஜோர்ஜியா அத்தீர்ப்பை அப்பட்டமாக அலட்சியம் செய்தது. ஜாக்சன் வாளாவிருந்தார். பழங்குடியினரை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் துரத்துவது அவரது சொந்தக் கொள்கையாக இருந்தது. தென் கரோலினாவின் பக்கம் ஜோர்ஜியா சாய்ந்துவிடக் கூடாது என்பதும் கணக்கில் எடுக்கப்பட்டது. சிறையில் இருந்த மதபோதகர்கள் இருவர் 1833 ஜனவரியில் மன்னிப்பு வழங்கப்பட்டு விடுவிக்கப்பட, சச்சரவு அமைதியாகப் புதைக்கப்பட்டது. செரோக்கி நிலம் செரோக்கிகளுக்குக் கிடைக்கவில்லை. ஜோர்ஜியா, அலபாமா, மிசிசிப்பி ஆகியவை தென் கரோலினாவைக் கைவிட்டதற்கு ஐக்கியப் பற்று மட்டும் காரணமன்று. பழங்குடி நிலங்களைப் பெற்றுத் தரும் மத்திய அரசோடு முரண்பட அவற்றுக்கு அவசியம் இருக்கவில்லை. மத்திய அதிகாரத்தின் எல்லை எங்கே என்ற கேள்விக்கு, அந்த ஆண்டில், யாருடைய வயிற்றில் அடி விழுகிறது என்பதைப் பொறுத்தே விடை கிடைத்தது.

தனித்து விடப்பட்ட தென் கரோலினா, பெப்ரவரி 1 வருவதற்கு முன்னரே கட்டளையின் அமுலாக்கத்தை ஒத்திவைத்தது. வொஷிங்டனில் ஹென்றி கிளே களமிறங்கினார். உள்நாட்டுக் கைத்தொழிலை உயர் தீர்வையால் வளர்க்கும் கொள்கைக்கு வாழ்நாளைக் கொடுத்தவர் அவர். தம் கொள்கையின் பெரும் பகுதியைத் தாமே வெட்டி, 20 வீதத்துக்கு மேற்பட்ட எல்லாத் தீர்வைகளையும் 1842 வரை படிப்படியாக அந்த மட்டத்துக்குக் குறைக்கும் இணக்கத் திட்டத்தை அவர் முன்வைத்தார். கல்ஹூன் அதை ஏற்றார். முதல் எட்டு ஆண்டுகளில் குறைப்பு சிறிது சிறிதாகவும், கடைசி ஆண்டில் பெரும் பாய்ச்சலாகவும் அமைந்திருந்தது. ஆலை முதலாளிகளுக்குக் கால அவகாசம், பருத்திக்காரருக்கு வாக்குறுதி. 1833 மார்ச் 2 ஆம் திகதி ஜாக்சன் இரண்டு சட்டங்களில் கையொப்பமிட்டார். ஒன்று பலப்பிரயோகச் சட்டம், மற்றையது இணக்கத் தீர்வைச் சட்டம்.

ஒரே நாளில் இடப்பட்ட இவ்விரு கையொப்பங்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. உனக்கு அந்த உரிமை இல்லை என்று முதலாவது சொன்னது. உன் முறைப்பாட்டில் உண்மை இருக்கிறது என்று இரண்டாவது சொன்னது. முதலாவது மட்டும் வந்திருந்தால் சார்ள்ஸ்டன் துறைமுகத்தில் அன்றே குண்டுகள் வெடித்திருக்கக் கூடும். இரண்டாவது மட்டும் வந்திருந்தால், அச்சுறுத்துகின்ற மாநிலத்துக்கு எப்போதும் விலை கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் ஏற்பட்டிருக்கும். பெரும்பான்மை தன் சட்டத்தின் வலுவை நிலைநாட்டிய அதே நாளில் அச்சட்டத்தின் அநீதியைத் திருத்திக் கொண்டது. பல நாடுகளில் அரசுகள் முதலாவது கையொப்பத்தை மாத்திரமே அறிந்திருக்கின்றன.

நமது நாட்டு வாசகர்களுக்குக் கல்ஹூனின் எழுத்துகளில் ஒரு கவர்ச்சி இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. எண்ணிக்கைப் பெரும்பான்மை மட்டும் நீதியைத் தராது. ஒவ்வொரு பெரும் நலன்சார் பிரிவின் சம்மதமும் பெறப்பட வேண்டும் என்ற அவரது வாதத்தைச் சிறுபான்மை இனமொன்றின் உறுப்பினர் வாசிக்கும்போது தலையசைக்கவே தோன்றும். வாதம் தன்னளவில் பிழையானதும் அல்ல. ஆனால் அவர் ‘தென் கரோலினா’ என்று சொன்னபோது அங்கு வாழ்ந்த பெரும்பான்மையோரை அச்சொல்லில் சேர்க்கவில்லை. வொஷிங்டனில் தாம் சிறுபான்மை என முறையிட்டவர்கள் சொந்த மாநிலத்தில் 315,000 மனிதர்களை விற்கவும் வாங்கவும் கூடிய எசமானர்கள். அதிகாரம் மத்தியில் இருந்து மாநிலத்துக்கு இறங்க வேண்டும் எனக் கேட்பவர், அது மாநிலத்தில் யாருடைய கையில் போய்ச் சேருகிறது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதேபோல, சமஷ்டி என்றாலே பிரிவினை என இங்கு வாதிடுவோருக்கும் 1833 இல் ஒரு பதில் உண்டு. சமஷ்டி யாப்பைக் கொண்டே பிரிவினை அச்சுறுத்தல் அன்று முறியடிக்கப்பட்டது. சமஷ்டியைக் கோருவது தனி நாட்டைக் கோருவதாகாது என நமது உயர் நீதிமன்றமும் 2017 ஓகஸ்டில் தீர்ப்பளித்திருக்கிறது.

தீர்வைப் பிணக்கு அமெரிக்காவுக்கு மட்டும் உரியதும் அல்ல. அவுஸ்திரேலியாவில் 1901 இல் சமஷ்டி ஏற்பட்டபோது மேற்கு அவுஸ்திரேலியா தயங்கியே இணைந்தது. ஐந்து ஆண்டுகளுக்குத் தனது சொந்தத் தீர்வையை வைத்திருக்க அதற்கு விசேட அனுமதியும் கொடுக்கப்பட்டது. கோதுமையையும் பொன்னையும் ஏற்றுமதி செய்த அம்மாநிலம், மெல்பேர்ன், சிட்னி ஆலைகளைப் பாதுகாக்கும் தீர்வையின் சுமையைத் தானே தாங்குவதாகக் கருதிற்று. தென் கரோலினாவின் முறைப்பாடு அப்படியே. அடிமைகள் மாத்திரம் இல்லை. பெருமந்தத்தில் கோதுமை விலை சரிந்த பின், 1933 ஏப்ரல் 8 ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பிரிந்து செல்ல வாக்களித்தனர். வேடிக்கை என்னவெனில், அன்றே நடந்த மாநிலத் தேர்தலில் பிரிவினையை ஆதரித்த அரசைத் தோற்கடித்து, அதை எதிர்த்த தொழிற் கட்சியை ஆட்சியில் அமர்த்தியவர்களும் அதே வாக்காளர்களே. லண்டனுக்கு அனுப்பப்பட்ட மனுவை, மத்திய அரசின் வேண்டுகோள் இன்றி ஏற்க முடியாது என 1935 இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு திருப்பி அனுப்பியது. அதற்கிடையில் கன்பரா அரசு 1933 இலேயே மானிய ஆணைக்குழு ஒன்றை நிறுவி, சமஷ்டியால் பாதிப்புற்றதாகக் கூறும் மாநிலங்களின் கணக்குகளை ஆராய்ந்து பணம் ஒதுக்கும் முறையை ஏற்படுத்தியது. தீர்வை குறைக்கப்படவில்லை, அதன் சுமைக்கு ஈடு கொடுக்கப்பட்டது. பிரிவினைக் கோரிக்கை சில ஆண்டுகளில் ஓய்ந்தது. அங்கு தீர்வையே உண்மையான காரணமாக இருந்தமையால் பணத்தால் அதைத் தீர்க்க முடிந்தது.

தென் கரோலினாவில் அது முடியவில்லை. 1833 மார்ச்சில் மீண்டும் கூடிய மாநாடு, 15 ஆம் திகதி தீர்வைக்கு எதிரான கட்டளையை மீளப் பெற்றது. மூன்று நாள் கழித்து, தேவையற்றுப் போய்விட்ட பலப்பிரயோகச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. தோற்றவர்கள் தம் கோட்பாட்டைக் கைவிடவில்லை என்பதற்கான அடையாளம் அது. அதன்பின் தீர்வை ஏறியும் இறங்கியும், 1857 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பல தசாப்தங்களில் காணாத தாழ்ந்த மட்டத்தை எட்டியது. அப்படியிருந்தும் 1860 டிசம்பர் 20 இல் தென் கரோலினா முதலாவது மாநிலமாகப் பிரிந்தது. பிரிவுக்கான காரணங்களை விளக்கி அது வெளியிட்ட பிரகடனத்தில் தீர்வை பற்றிய முறைப்பாடு எதுவும் இல்லை. தப்பியோடிய அடிமைகளைத் திருப்பி அனுப்பும் மத்திய சட்டத்துக்கு வட மாநிலங்கள் ஒத்துழைக்கவில்லை என்பதே அதன் பிரதான குற்றச்சாட்டு. அதாவது, மத்திய சட்டத்தைச் செல்லாததாக்கும் உரிமையை வேறு மாநிலங்கள் பிரயோகித்துவிட்டன என்ற கோபம். விஸ்கொன்சின் மாநில நீதிமன்றம் 1850 களில் அச்சட்டத்தை ஏற்க மறுத்தபோது, கல்ஹூனின் சீடர்கள் மத்திய நீதிமன்றத்தின் மேலாண்மையைப் போற்றினார்கள்.

தீர்வை அதிகாரம் இன்று வேறு கைகளில் இருக்கிறது. 1832 இல் தென் கரோலினா எதிர்த்தது காங்கிரசின் வாக்கெடுப்பை. 1934 முதல் காங்கிரஸ் அவ்வதிகாரத்தைச் சட்டத்துக்கு மேல் சட்டமாக ஜனாதிபதிக்குக் கையளித்து வந்தது. 2025 ஏப்ரலில் அவசரகாலப் பொருளாதார அதிகாரங்கள் பற்றிய 1977 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை ஆதாரமாகக் காட்டி, வாக்கெடுப்பே இன்றி ஒரே நாளில் உலகின் பெரும்பாலான நாடுகள் மீது தீர்வை அறிவிக்கப்பட்டது. அதற்கு எதிராக நீதிமன்றம் சென்ற 12 மாநிலங்கள், காங்கிரசின் அதிகாரத்தைக் குறைக்க அல்ல, அதைக் காங்கிரசுக்கே மீட்டுக் கொடுக்க வாதாடின. ஒரெகன், அரிசோனா, கொலராடோ, நியூயோர்க், இலினோய் என நீளும் அப்பட்டியலில் தென் கரோலினா இல்லை. அது இப்போது பருத்தியை நம்பி வாழவில்லை. ஸ்பார்ட்டன்பேர்க் மாவட்டத்தில் உள்ள ஜேர்மன் நிறுவனம் ஒன்றின் ஆலையில் பொருத்தப்படும் மோட்டார் வாகனங்கள், சார்ள்ஸ்டன் துறைமுகத்தின் வழியாக வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன.